சங்கம் இல்லாத தெரு

மக்களே, ரீல்ஸில் ஒரு வகை வீடியோ பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் ஒருத்தர் வாசலில் புல் வெட்டாமல் விட்டிருப்பார். அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம் அபராத நோட்டீஸ் அனுப்பியிருக்கும். எல்லாரும் சிரிக்கிற அந்த வீடியோவைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைதான் வந்தது. எங்கள் தெருவில் புல் இல்லை, தெருவையே வெட்டிச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

எனக்கு ஊர் செஞ்சி. சொன்னதும் "கோட்டை தானே?" என்பீங்க. ஆமாம், 2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, மகாராஷ்டிராவுக்கு வெளியே இருந்து போன ஒரே கோட்டை எங்களுடையது. அதைச் சுற்றி யாரும் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது. 1958-ஆம் வருஷத்து நினைவுச்சின்னங்கள் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சொல்வது இதுதான்: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் கட்டணும். ராஜகிரிக்குக் காவல் இருக்கு. எங்கள் தெருவுக்கு?

எங்களுடையது மனைப்பிரிவு போட்டு வித்த தெரு. வரைபடத்தில் அகலம் 30 அடி. நேரில் வந்தால் ஒரு வீட்டுக்கு முன்னாடி கார் ஏறச் சாய்தளம், அடுத்த வீட்டுக்கு மூணு படி, அதற்கடுத்து வேலி போட்ட பூச்செடி. எல்லாமே வாய்க்கால் மேலே. தெரு சரிவாக இருப்பதால் ஐப்பசி மழைத் தண்ணி அத்தனையும் கடைசி வீட்டுக்குத்தான் போகும். அங்கே ஒரு ஆயா தனியாக இருக்காங்க. போன மழையில் ரேஷன் அரிசியைக் கட்டில் மேலே ஏத்தி வச்சுட்டு, பக்கத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தாங்க.

கேட்டால் எல்லாரும் ஒரே பதில்: "நமக்குன்னு ஒரு சங்கம் இருந்தா கேக்கலாம்பா. தனியாப் போய் யாரு பொல்லாப்பைக் கட்டிக்கிறது?"

இந்த இடத்தில்தான் கொஞ்சம் யோசிக்கணும். அமெரிக்கச் சங்கத்துக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? அங்கே வீடு வாங்கும்போதே விதிகளும் பத்திரத்தோடு ஒட்டிக்கிட்டு வரும். நம்ம ஊர் அடுக்குமாடிகளுக்கும் 2022-இல் தனிச் சட்டம் வந்திருக்கு. ஆனால் தனித்தனி வீடுகள் இருக்கிற தெருவில், 1975 சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து நலச்சங்கம் பதிவு செய்தாலும், அதில் சேராதவருக்கு அபராதம் போட முடியாது. அது செய்யக்கூடியது மனு எழுதுவது. மனு எழுத ஒரு ஆளே போதும்.

நம்பலைன்னா ரத்லம் போயிட்டு வருவோம். மத்தியப் பிரதேசத்தில் இருக்கிற ஊர். அங்கே ஒரு தெருவில் சாக்கடை திறந்து கிடந்தது, நாற்றம் தாங்கலை. தெருக்காரங்க குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போனாங்க. "தெரிஞ்சுதானே இங்கே வீடு கட்டினீங்க, எங்ககிட்ட காசும் இல்லை" என்று வாதாடியது நகராட்சி. 1980 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இரண்டு வாதத்தையும் தள்ளிவிட்டது. காசில்லை என்பது கடமையைச் செய்யாததற்குக் காரணம் ஆகாதுன்னு சொல்லிடுச்சு. அந்த 133 இப்போது புதிய பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 152-ஆவது பிரிவு. பொதுவழியில் இடைஞ்சல் இருந்தால் கோட்டாட்சியரிடம் போகலாம்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: பிரச்சினை யாருடைய நிலத்தில்? பக்கத்து வீட்டுக்காரர் தன் பட்டா நிலத்துக்குள்ளே பச்சைப் பெயிண்ட் அடிச்சாலும் பழைய லாரியை நிறுத்தினாலும் நமக்குப் பிடிக்கலை என்பதற்காகக் கேட்க முடியாது. அவர் சுவர் நம்ம நிலத்துக்குள் வந்தால், அது இரண்டு பேருக்கு நடுவில் உள்ள சிவில் விவகாரம். சர்வேயரை வைத்து அளந்து, தேவைப்பட்டால் நீதிமன்றம் போகணும். தெருவுக்குள் வந்தால் அது பேரூராட்சியின் இடம், எல்லாருடைய இடம்.

இதைப் பிரித்துப் பார்க்க சர்வே புல வரைபடம் வேணும். எஃப்.எம்.பி. என்பாங்க. வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் கிடைக்கும். செமஸ்டர் லீவில் அதை எடுத்துக்கிட்டு, சிவில் படிக்கிற நண்பனோட டேப்பையும் வாங்கிக்கிட்டு அளந்தோம். ஒரு வீட்டை மட்டும் அளந்தால் அது பகை. அதனால் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை, எங்கள் வீடு உட்பட, 14 வீட்டையும் அளந்தோம். எங்கள் படி கோட்டுக்கு உள்ளே நாலு விரல் தள்ளி நின்றது. அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை.

எந்த வீட்டிலும் யாரையும் குற்றம் சொல்லலை. தாளை மட்டும் காட்டினோம். சாய்தளக்காரர் முதலில், "படிக்கிற பையன் படிக்கிற வேலையைப் பாரு" என்றார். தாளைத் திருப்பித் தரவும் இல்லை. பத்து நாள் கழித்து வாய்க்காலுக்கு மேலே இருந்த பகுதியை உடைச்சுட்டு, கழற்றி மாட்டுற இரும்பு ஜாலி போட்டார். கார் ஏறுது, தண்ணியும் போகுது. அதைப் பார்த்து இன்னும் மூணு பேர் படியைக் குறைச்சாங்க. வேலிக்காரர் மட்டும் அசையலை. "யார் கேட்டாலும் எடுக்க மாட்டேன்" என்கிறார். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரைபடத்தோடு மனு கொடுத்து ரசீது வாங்கி வச்சிருக்கோம். அவர் இப்போது என் அப்பாவிடம் பேசுவதில்லை. டீக்கடையில் அப்பா வந்தால் எழுந்து போயிடறார். இதுவும் கணக்கில் வரணும், மறைக்க விரும்பலை.

அப்பாவிடம், "வருத்தமா இருக்காப்பா?" என்று கேட்டேன். "அந்தாள் ஒருத்தன் பேசலைன்னா பரவால்ல. தண்ணி வந்தா அந்தம்மா யாருகிட்ட பேசும்?" என்றார்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவின் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்க. கடைசி வீட்டில் யார் இருக்காங்கன்னும் பாருங்க. டேப் வேணும்னா சிவில் டிபார்ட்மெண்ட் பசங்ககிட்ட கேளுங்க, தருவாங்க.