முதல் விதி

"கடலில் உங்களுக்கு என்ன ஜோலி?" என்று நீங்கள் கேட்கலாம், சகோதரிகளே. நியாயமான கேள்விதான். என் பெண் பாய்மரப் படகுப் பந்தயத்தில் சேர்ந்தாள்; எனக்குக் கழகத்தில் கொடி ஏற்றும் உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் கிடையாது, மோர் உண்டு! இந்தப் பருவம் முழுவதும் ஞாயிறுதோறும் சென்னைத் துறைமுகத்தில் நடுவர் படகில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷம், நாலு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று கொடி மாற்றினேன்.

குழந்தைகள் ஓட்டும் படகுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். எட்டடி நீளம்கூட இல்லை. 1947-ல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் உருவாக்கியது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். "பெண் குழந்தைக்கு எதற்கு இதெல்லாம்?" என்றார் அடுத்த வீட்டு மாமி. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகு செலுத்திய நேத்ரா குமணன் சென்னைப் பெண்தான் என்றேன். மாமி அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

ஒரு ஞாயிறு, என் பெண் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒரு சிறுவனின் படகு கவிழ்ந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்தான். ஆனால் கால் கயிற்றில் சிக்கிக்கொண்டது. காவல் படகோ தொலைவில், வேறொரு குழந்தையிடம். என் நெஞ்சு படபடத்தது. வெற்றிக் கோடு இதோ, எதிரே! அவள் சட்டென்று படகைத் திருப்பினாள். காவல் படகு வரும்வரை அவனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள்.

பந்தய விதிப் புத்தகத்தில் முதல் விதி என்ன தெரியுமா? ஆபத்திலிருப்பவருக்கு உதவ வேண்டும் என்பதுதான்! அதனால் இழந்த இடத்துக்குப் பரிகாரமும் கேட்கலாம். விசாரணைக் குழு அவளுக்கு மற்றப் பந்தயங்களின் சராசரிப் புள்ளியைக் கொடுத்தது.

அந்தப் பையனா? இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு, அடுத்த பந்தயத்தில் அவளையே முந்தினான், போக்கிரி!