ஆணியில் தொங்கிய கவசம்

கத்திரி வெயில் காலத்துச் சென்னையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனிடம் ஜாக்கெட் அணியச் சொல்வது பரிகாசம் போலத்தான் ஒலிக்கும். ஆனால் நான் வாங்கத்தான் செய்தேன். கனத்த கறுப்புத் துணி, உள்ளே மழைநீர் புகாத உறை தைத்தது. எல்லாப் பருவத்துக்கும் ஆகும் என்றார் கடைக்காரர். மார்கழியில் பெருமையோடு அணிந்தேன். பங்குனி பிறந்ததும் அது கதவின் பின்னாலிருந்த ஆணிக்குப் போய்விட்டது.

அந்த மே மாதப் பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளங்களைக் கடந்துகொண்டிருந்தேன். வளைவில் மணல். வேகம் நாற்பதுக்கு மேல் இராது. தலையைத் தலைக்கவசம் காத்தது. சட்டை மட்டுமே மூடியிருந்த வலக்கையில், முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் இல்லை.

மறுநாள் காலை கட்டை அவிழ்த்த அம்மா, புண்ணைப் பார்த்துவிட்டு ஆணியைப் பார்த்தாள்.

"அதுக்கு அடிபடக் கூடாதுன்னு மாட்டி வெச்சிட்டுப் போனியாடா?"

பதில் இல்லை. எனக்குப் பாதுகாப்பைப் பற்றித் தெரியாமல் இல்லை. வெயிலைப் பற்றித்தான் யோசிக்கவில்லை. வியர்வை சுரப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை, அது ஆவியாக வேண்டும். கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரம் சுமந்திருப்பதால் ஆவியாதல் மந்தமாகிறது. உடலின் மீது காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் நிவாரணம். என் ஜாக்கெட்டோ காற்றை மறித்து ஈரத்தைச் சிறை வைத்தது.

இரண்டாம் முறை வலைத்துணியில், அதாவது மெஷ்ஷில், தைத்ததைத் தேடினேன். அதற்கும் ஒரு விலை உண்டு. ஓட்டைகள் கூடக்கூடத் தார்ச்சாலையின் உராய்வைத் தாங்கும் திறன் குறையும். ஈஎன் 17092 என்னும் ஐரோப்பியத் தரநிர்ணயம் இத்தகைய உடைகளை ஏஏஏ, ஏஏ, ஏ என்று இறங்குவரிசையில் வகுக்கிறது. மெஷ் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் கீழ்ப்படிகளில்தான் நிற்கின்றன. ஆகவே முதலில் விழுந்து தேயும் இடங்களான தோளிலும் முழங்கையிலும் அடர்ந்த துணியும், மார்பிலும் முதுகிலும் வலையும் உள்ளதைத் தேர்ந்தேன்.

அடுத்தது உள்ளே செருகும் காப்புத் தகடுகள். ஈஎன் 1621-1 சோதனையில் 50 ஜூல் ஆற்றலோடு தாக்குகையில், முதல் நிலைத் தகடு சராசரியாக 35 கிலோநியூட்டன் விசை வரை உடலுக்குக் கடத்தலாம். இரண்டாம் நிலை 20 வரைதான். முதுகுப் பையை மறக்காமல் திறந்து பார்க்க வேண்டும். பல ஜாக்கெட்டுகளில் அங்கே இருப்பது வெறும் பஞ்சுத் தகடு. முதுகுக்கான சோதனை ஈஎன் 1621-2. அதில் தேறிய தகட்டைத் தனியே வாங்கிச் செருகினேன்.

காற்றோட்டத்துக்காகத் தொளதொளவென்று வாங்கும் ஆசையையும் அடக்க வேண்டியிருந்தது. கையை மடக்கும்போது தகடு முழங்கையை விட்டு நழுவுமானால், விழும்போதும் நழுவும். மழைக்கு உள்ளுறை வேண்டாமென்று, மேலே போட்டுக்கொள்ளும் மழைக்கோட்டு ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். நிறம் வெளிர்சாம்பல்.

இதிலும் சிவப்பு விளக்கில் நிற்கையில் வெந்துதான் போகிறேன். வண்டி நகர்ந்தால்தான் காற்று. தரவரிசையில் பழைய ஜாக்கெட் இதைவிட மேலானதாகவே இருக்கலாம். ஆனால் நான் விழுந்த அன்று அது என்னிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. மே மாதத்தில் அணிய முடிகிற கவசமே நம் ஊருக்குக் கவசம் என்பதை வலக்கையின் தழும்பு எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஞாயிறுதோறும் தகடுகளைக் கழற்றிவிட்டு ஜாக்கெட்டை அலசி மொட்டைமாடியில் உலர்த்துகிறேன். அதற்குள் அதன் முதுகில் வியர்வை காய்ந்த உப்புக் கோடுகள் படிந்துவிடுகின்றன. துவைக்கும் தேவை பழைய ஜாக்கெட்டுக்கு வந்ததே இல்லை.