அம்மாவுக்குத் தலை சுற்றிய கதை

புனேவில் குப்பை கொட்ட ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆச்சு. அக்கா டெல்லியில், தம்பி சூரத்தில், அம்மா மட்டும் நாகர்கோவிலில். குடும்ப போட்டோக்கள் வாட்ஸப்பில் சிதறிக் கிடக்கிறதே என்று, ஒரு சனி ஞாயிறு உட்கார்ந்து சின்னதாக ஒரு ஆப் எழுதினேன். அக்கா கையில் ஐபோன், மற்றவர்களிடம் ஆண்ட்ராய்டு. அதனால் ஃப்ளட்டர். ஒரே கோட், இரண்டிலும் ஓடும்.

கை சும்மா இருக்குமா? 'பேரலாக்ஸ்' சேர்க்கலாம் என்று தோன்றியது. அது என்ன என்பவர்களுக்கு: நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது ஆரல்வாய்மொழி பக்கம் ஜன்னல் வழியே பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் பறக்கும். காற்றாலைகள் மெதுவாக நகரும். பின்னால் மலை நின்ற இடத்திலேயே நிற்கும். அதே வித்தைதான். விரலால் தள்ளும்போது சட்டம் வேகமாகப் போகும், உள்ளே இருக்கும் படம் கொஞ்சம் பின்தங்கும். படத்துக்கு ஆழம் வந்ததாகக் கண் ஏமாறும்.

செய்முறை சுலபம். சட்டத்தைவிட உயரமான படம் வேண்டும். சட்டம் திரையில் எங்கே இருக்கிறது என்று 0 முதல் 1 வரை கணக்கிட்டு, அதற்கேற்ப படத்தை உள்ளே நகர்த்தணும். முதலில் ஒவ்வொரு அசைவுக்கும் விட்ஜெட் முழுவதையும் மறுபடி கட்ட வைத்தேன். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பது 16 மில்லிசெகண்ட்தான். தம்பியின் பழைய போன் திணறியது. 'ஃப்ளோ' விட்ஜெட்டுக்கு மாற்றி, பெயிண்ட் மட்டும் செய்யச் சொன்னதும் வழுக்கிக்கொண்டு போனது.

அக்கா "சூப்பர்டா" என்றாள். அம்மாவிடமிருந்து ஒரு வாரமாகச் சத்தமே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். போன் போட்டுக் கேட்டேன், "அப்பா போட்டோ பாத்தியாம்மா?"

"பாக்கணும்னுதான் எடுக்கேன் மக்கா. தள்ளுனா படம் உள்ளுக்குள்ள நகருது. தலை சுத்தி ஓமட்டுது. நீ கஷ்டப்பட்டுச் செஞ்சது, அதான் சொல்லல."

அம்மாவுக்கு வெர்டிகோ உண்டு. போன லீவில் நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண் 'நகர்கிறோம்' என்கிறது, உள்காது 'உட்கார்ந்திருக்கிறோம்' என்கிறது. இந்தச் சண்டையில் தலை சுற்றுகிறது. ஐபோனில் 'ரெட்யூஸ் மோஷன்', ஆண்ட்ராய்டில் 'ரிமூவ் அனிமேஷன்ஸ்' என்று செட்டிங் இருக்கிறது. நாம் எழுதும் ஆப் அதைக் கேட்டு அடங்கணும். நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும், அம்மா அதை எங்கே போய்த் தேடுவாள்?

அன்று ராத்திரியே எல்லோருக்கும் அசைவை நிறுத்திவிட்டு, வேண்டுகிறவர்கள் போட்டுக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்தேன். "ஏண்டா எடுத்த?" என்று அக்கா சண்டை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். "அப்பா சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல பாத்தியா? அன்னைக்கு அவசரத்துல நான் தைக்காம விட்டுட்டேன்."

இரண்டு நாள் அந்தப் போட்டோவை வைத்துத்தான் டெஸ்ட் செய்தேன். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.