பதினஞ்சு இன்ச் வீலுக்கு என்ன டயர்?

எங்க கார் 1995 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர். கம்பெனி கொடுத்தது 14 இன்ச் வீல், 185/60 டயர். முன்னாடி வச்சிருந்தவர் 15 இன்ச் அலாய் மாட்டிட்டார். அதனால கையேட்டில் இருக்கும் சைஸ் இனி பொருந்தாது.

பழைய டயர்ல பட்டன் (அப்பா அப்படித்தான் சொல்வார்) தேயவே இல்லை. ஆனா மகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது, மழையில ஒரு ரவுண்டபவுட்டில் பின்பக்கம் லேசா வழுக்கியது. பக்கவாட்டில் பார்த்தால் கடைசி நாலு எண் 2213. அதாவது 2013-இன் 22-ஆவது வாரம் செய்தது. ரப்பர் கெட்டிப்பட்டுப் போச்சு. ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க.

கடைக்காரர் 205/50 எடுக்கச் சொன்னார். ஸ்டாக் இருந்ததாம்! நான் மகளை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். 14 இன்ச் என்பது 355.6 மி.மீ. 185-இல் 60 சதவீதம் 111. மேலும் கீழுமாக 222. மொத்த உயரம் 577.6. 15 இன்ச் வீலில் 195/50 போட்டால் 576. கிட்டத்தட்ட அதேதான். 205/50 என்றால் 586. ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட நிஜ வேகம் ஒன்றரை சதவீதம் கூடும். அதோட, இவ்வளவு லேசான காருக்கு அகல டயர் தேங்கின தண்ணியில சீக்கிரம் மிதக்கும்.

195/50-தான், லோடு எண் 82, நாலும் ஒரே ரகம். வேற வீல் என்று இன்ஷூரன்ஸிலும் பதிஞ்சாச்சு.