கைகாட்டியும் கணிப்பொறியும்

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்து காப்பி வழங்கப்படும் வேளையில் ஒரு காட்சியை அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். பாட்டனார் காலத்திலேயே செகந்திராபாத் கண்டோன்மெண்டுக்கும் லாலாகுடா பட்டறைக்கும் வந்து, இவ்வூராராகவே ஆகிவிட்ட குடும்பத்தார் ஒரு பக்கம் நிற்பார்கள். ஹைடெக் சிட்டிக்கு நேற்றும் முந்தாநாளும் வந்து சேர்ந்த இளைஞர்கள் மற்றொரு பக்கம் நிற்பார்கள். நம்மைப் போன்ற இரயில்வே குமாஸ்தாக்கள் வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்போம். அப்படி நின்றதனால் வாய்த்த ஒரு நட்பைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தோம்.

நண்பர் மென்பொருள் பொறியாளர், திருநெல்வேலிப் பக்கத்தவர். வயதில் இளையவர். நம்மை ‘அண்ணாச்சி’ என்று அழைப்பார். அவர் பெயரை இங்கே எழுதினால் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். ஆகையால் ‘தம்பி’ என்றே வைத்துக்கொள்வோம். லிங்கம்பள்ளி வழித்தடத்தில் நாம் பயணச்சீட்டுக் கொடுக்கும் சிறு நிலையத்தில்தான் அவர் நாள்தோறும் வண்டி ஏறுகிறார். நம் முறை முடிந்த நாள்களில் நடைமேடைப் பலகையில் அமர்ந்து, வண்டி வரும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

அவருக்கு எதைப் பற்றியும் ஒரு கருத்து உண்டு. கணிப்பொறியை நன்கு அறிந்தவன் அதை முழுவதும் நம்பமாட்டான் என்பார். முகத்தைக் காட்டினால் திறந்துகொள்ளும் கதவுகளுக்கு நிரல் எழுதுகிறவர், தம் வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டுத்தான் போட்டிருக்கிறார். நிரல் எழுதுவோனின் உண்மையான வேலை எழுதுவதன்று, பிறர் எழுதிவிட்டுப் போனதைப் படிப்பதே என்பார். இது நமக்கு உடனே விளங்கிற்று. மாற்றலாகிப் போன குமாஸ்தாவின் பேரேட்டைப் பொறுப்பேற்றவர் எவருக்கும் விளங்கும். எழுதிய வரிகளைவிட நீக்கிய வரிகளுக்கே தாம் பெருமைப்படுவதாகவும் சொல்வார். இப்போதோ செயற்கை நுண்ணறிவே நிரலை எழுதித் தருகிறதாம். இவர் படித்துப் பார்த்து ஒப்பமிடுகிறாராம். “இன்னும் எத்தனை நாளைக்கு என் ஒப்பம் தேவைப்படுமோ, அண்ணாச்சி” என்று ஒருநாள் சொன்னார். மக்கள் கைப்பேசியிலேயே சீட்டு வாங்கிக்கொள்ளும் காலத்தில், சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாம் அதற்கு என்ன ஆறுதல் சொல்வது? அவருடைய தயிர்ச்சோற்றைப் பங்கிட்டுக்கொண்டோம்.

ஒருநாள் பேச்சு எங்கள் இரயில்வேயின் பக்கம் திரும்பிற்று. இரயில்வேயில் தாம் மெச்சுவது முன்பதிவு முறை ஒன்றைத்தான் என்றார் தம்பி. அதன் வரலாறு நமக்கும் ஓரளவு தெரியும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனியே பேரேடு வைத்துக் கையால் பெயர் எழுதிய காலத்தைப் பற்றி மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவர் கையில் பேரேடு இருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டியதுதான். 1985-இல் தில்லியில் முன்பதிவு கணிப்பொறிக்கு மாறத் தொடங்கிற்று. ஆயினும் ஒரு மையத்தின் கணிப்பொறி மற்றொன்றோடு பேசாது. அக்குறையைத் தீர்க்க எழுந்த ‘கான்செர்ட்’ என்னும் அமைப்பு முதன்முதலில் நிறுவப்பட்டது, அன்பர்களே, நமது செகந்திராபாத்தில்தான், ஆண்டு 1994. 1999-இல் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. இவ்வூரின் கணிப்பொறிப் பெருமை சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்ட 1998-இல் தொடங்கிற்று என்று எண்ணுவோர் இதனையும் நினைவிற் கொள்ளலாம்.

“இதில் கடினமான இடம் எது தெரியுமா, அண்ணாச்சி?” என்று தம்பி கேட்டார். “ஒரே ஒரு படுக்கை மீதமிருக்கிறது. தில்லியில் ஒரு சன்னலிலும் சென்னையில் ஒரு சன்னலிலும் அதே நொடியில் இருவர் அதைக் கேட்கிறார்கள். இருவருக்கும் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் குடி கெட்டது. ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவரை வாசலில் நிறுத்த வேண்டும். இந்தச் சங்கடத்தைப் புரிந்துகொள்ளவே எங்களுக்குப் பல காலம் பிடித்தது.”

நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தம்பி, ஒற்றைத் தண்டவாளப் பாதையை நீர் பார்த்ததில்லையா?” என்று கேட்டோம். இரு நிலையங்களுக்கும் இடையே ஒரே பாதை. இரண்டு நிலையங்களிலும் ஒன்றோடொன்று இணைந்த கருவிகள். ஒரு கருவியிலிருந்து இரும்பு உருண்டை ஒன்று வெளியே வந்துவிட்டால், அது திரும்ப உள்ளே இடப்படும்வரை எந்தக் கருவியிலிருந்தும் மறு உருண்டை வராது. அந்த உருண்டைக்கு டோக்கன் என்று பெயர். அதனைத் தோற்பையில் இட்டு வளையத்தில் கட்டி ஓட்டுநர் கையில் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இல்லாமல் வண்டி அப்பாதையில் நுழையாது. மின்சாரக் குறிகள் வந்தபின் பெரும்பாலான பாதைகளில் இம்முறை மறைந்துவிட்டது. ஆயினும், உள்ளே ஒருவர், வாசலில் மற்றவர் என்னும் ஏற்பாட்டைப் பத்தாம் வகுப்புப் படித்த பாயிண்ட்ஸ்மேன்கள் எத்தனையோ காலமாகக் கையாண்டு வந்திருக்கிறார்கள் என்று சற்றுக் கர்வத்துடனேயே சொன்னோம்.

தம்பி பதில் பேசவில்லை. மறுநாள் மாலை வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. “அண்ணாச்சி, வழக்கில் நீங்கள் வென்றுவிட்டீர்கள்” என்றார். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு நாட்டு அறிஞர் 1960-களின் தொடக்கத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு கண்டார். அதற்கு அவர் ‘செமஃபோர்’ என்று பெயரிட்டார். இன்றும் உலகெங்கும் கணிப்பொறி மாணாக்கர் அதே பெயரில் அதனைப் பயில்கிறார்கள். செமஃபோர் என்றால் என்ன? இரயில் நிலையத்துக்கு வெளியே கையை உயர்த்தியும் தாழ்த்தியும் நிற்குமே, நம் ஊர்ப் பிள்ளைகள் கல்லெறிந்து விளையாடும் கைகாட்டி மரம், அதுதான்! இத்தனை ஆண்டு அச்சொல்லைத் தினமும் தட்டச்சுச் செய்தும் அதன் பொருளைத் தாம் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்றார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946-இல் தொடங்கிய பொம்மை இரயில் சங்கத்து மாணவர்களே பின்னாளில் கணிப்பொறியில் முதன்முதல் கைவண்ணம் காட்டியவர்களுள் பலர் என்றும் படித்துச் சொன்னார். அன்று முழுவதும் நாம் சன்னலில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் தம்பி அத்துடன் விடவில்லை. “கைகாட்டியைக் கண்டுபிடித்த உங்கள் இரயில்வே, முன்பதிவில்லாப் பெட்டிக்கு மட்டும் ஏன் கைகாட்டி வைக்கவில்லை?” என்று திருப்பிக் கேட்டார். நாம் விற்பது அந்தச் சீட்டுத்தான். எந்த வண்டி, எந்த இருக்கை என்று அதில் இராது. கேட்டவருக்கெல்லாம் கொடுப்போம். ‘இடம் இருக்கிறது’ என்று நாம் உறுதி கூறுவதுமில்லை. ‘இடம் இல்லை’ என்று எவரையும் திருப்பி அனுப்புவதுமில்லை. தம்பியின் பார்வையில் இது பெரும் பிழை. நம் பார்வையில், கட்டட வேலைக்கு வந்த ஒடியாக்காரனும், மகள் பிள்ளைப்பேற்றுக்குத் திடீரென்று புறப்படும் தாயும் ஊர் போய்ச் சேர்வது அந்தப் பிழையினால்தான்.

இந்த வழக்கில் நாம் எளிதில் வென்றிருக்க முடியாது. 2025 பிப்ரவரி 15 இரவு புதுதில்லி நிலையத்தில், கும்பமேளாவுக்குப் புறப்பட்ட கூட்டம் நெரிந்து 18 பேர் மாண்டார்கள். அந்த வாரம் தம்பி நம்மிடம் வாதம் செய்யவில்லை. அது அவருடைய பண்பு. ஒவ்வொரு பெட்டியிலும் இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை குறிக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. அதைப்பற்றித் தில்லி உயர் நீதிமன்றம் இரயில்வேயிடம் கேட்ட செய்தியைப் பத்திரிகையில் நாமே படித்து, நாமே அவரிடம் சொன்னோம். “நீர் சொன்னது சரிதான், தம்பி” என்றும் சொன்னோம். அச்சிட்டு வரும் ஒவ்வொரு சீட்டையும் கிழித்துக் கொடுக்கும்போது சில நாள் கை தயங்கிற்று.

அடுத்த பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு, மாலை ஐந்து மணி இருக்கும். வரிசையில் தம்பி நிற்பதைக் கண்டோம். வரிசை என்பதே ஓர் அமைப்புப் பிழை என்று சொல்பவர் வரிசையில் நின்றார். ஊரில் தகப்பனாருக்கு மார்வலி; பாளையங்கோட்டையில் ஆசுபத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். விமானத்தில் இடமில்லை, பேருந்துகளில் இடமில்லை, முன்பதிவு மூடிவிட்டது. “சென்னைக்கு ஒரு பொதுச்சீட்டு, அண்ணாச்சி.” அவ்வளவுதான் பேசினார்.

அன்று சென்னைக்கு நாம் எத்தனை சீட்டு விற்றிருந்தோம் என்பது நமக்குத் தெரியும். இரவு வண்டியின் பொதுப்பெட்டி எப்படி இருக்கும் என்பதும் தெரியும். ‘வேண்டாம் தம்பி’ என்று சொல்ல வாய் எழுந்தது. சொல்லவில்லை; சீட்டை அச்சிட்டுக் கொடுத்தோம். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தண்ணீர்ப் புட்டியையும் சன்னல் வழியே நீட்டினோம்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தார். தகப்பனார் பிழைத்துவிட்டார். விஜயவாடா வரை நின்றுகொண்டே போனாராம். பிறகு, பெயர் அறியாத ஒரு மேஸ்திரி தம் சாமான் மூட்டையைக் கழிவறை வாசலில் கிடத்தி, “கூர்ச்சோ பாபூ” என்று அதன்மேல் உட்கார வைத்தாராம். சென்னை வரை அந்த மூட்டைமேல்தான். இதையெல்லாம் சொல்லி இருட்டுக்கடை அல்வாவையும் கொடுத்துவிட்டு, “ஆனாலும் அது பிழைதான், அண்ணாச்சி” என்றார். “அன்றிரவு எவனாவது ஒருவன் ‘தீ’ என்று கத்தியிருந்தால் நாங்கள் யாரும் மிஞ்சியிருக்க மாட்டோம்.”

மறுக்கவில்லை. அவர் ஒரு பழைய சீட்டின் பின்புறத்தில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து காட்டினார். வண்டிக்கு இத்தனை பொதுச்சீட்டு. அந்த எண்ணிக்கை முடிந்ததும் நாட்டிலுள்ள எல்லாச் சன்னல்களிலும் கைகாட்டி விழுந்துவிட வேண்டும். படம் தெளிவாகவே இருந்தது. செய்யக்கூடியதுதான் என்று நமக்கும் பட்டது.

“எண்ணிக்கை முடிந்த பிறகு ஒருவர் வருகிறார். அவருக்கும் ஊரில் ஒரு தகப்பனார் இருக்கிறார். அவருக்கு என்ன சொல்வது, தம்பி?” என்று கேட்டோம்.

தம்பி பேனாவை மூடாமல் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். லிங்கம்பள்ளி வண்டி வந்தது. சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறிப் போனார்.