மலைக்கு நாள் குறித்தல்

"பிற்பகலில் தீவின் சில பகுதிகளில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." வானொலியில் இந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தாளைப் பார்க்காமலும் வாசிப்பேன். மழை வருமா வராதா என்பதுதான் நம் ஊரின் மொத்த வானிலை. சிங்கப்பூரில் பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி செல்சியஸ், அதுவும் 1934ஆம் ஆண்டு ஜனவரியில். அதற்கே போர்வை தேடியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், ஜாலான் புசார் வட்டாரத்தில் 15 மாடி புளோக்கில் 30 ஆண்டுகளாகக் குடியிருக்கும் என் அப்பாவுக்குப் பனியில் கால் வைக்க வேண்டும் என்று ஆசை. வயது 64. பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "சுவிட்சர்லாந்து போய் ரயிலில் ஏறினால் பனி பார்க்கலாம்பா" என்றேன். "அது ரயில் ஏறினது. நான் ஏறணும்" என்றார்.

இந்த ஆசைக்கு ஒரு தேதி உண்டு. 1997 மே 23. மலேசியத் தமிழர்களான எம்.மகேந்திரனும் என்.மோகனதாஸும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த நாள். மலேசியர்களில் முதன்முதலில் அங்கே நின்றவர்கள் அந்த இருவரும்தான். "நம்ம ஆளுங்க ரெண்டு பேர்" என்று பேருந்து நிலைய உணவகத்தில் அன்று பேசிக்கொண்டதை அப்பா இன்றும் சொல்வார். மறு ஆண்டு மே 25ஆம் தேதி, சிங்கப்பூர்க் குழுவின் எட்வின் சியூவும் கூ சுவீ சியாவும் உச்சியைத் தொட்டார்கள். 2012ல் நம் தமிழ் மருத்துவர் குமரன் ராசப்பன் ஏறியதும் மே மாதத்தில்தான்.

ஏன் எல்லாரும் மே மாதத்திலேயே ஏறுகிறார்கள் என்று அப்பா ஒருநாள் கேட்டார். ஒலிபரப்புக்குப் பதில் தேடுவதைப் போலத் தேடினேன். குளிர்காலம் முழுவதும் எவரெஸ்ட் உச்சியின் மீது மேல்வளிமண்டலத்தின் வேகக்காற்று வீசிக்கொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது அந்தக் காற்றோட்டம் வடக்கே நகர்கிறது. மழைமேகம் வந்து பனியைக் கொட்டுவதற்கு முன் சில நாள்களுக்குக் காற்று அடங்கும். அந்தச் சில நாள்களுக்காகத்தான் அடிவாரத்தில் பல வாரங்கள் கூடாரம் போட்டுக் காத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுபோலத்தான். வித்தியாசம், இந்த முகூர்த்தம் எப்போது என்று இரண்டு மூன்று நாள்களுக்கு முன்புதான் உறுதியாகத் தெரியும்.

நாங்கள் உச்சிக்கா போகிறோம்? மலையேறத் தெரியாத குடும்பத்துக்கு முதல் பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. சாபாவின் கினபாலு மலை, 4,095 மீட்டர். இங்கிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம். புக்கிட் தீமா குன்றின் 164 மீட்டரை மட்டுமே அறிந்த நமக்கு அதுவே இமயம்தான்.

அப்பா கணக்குப் போட்டார். டிம்போஹோன் வாசல் 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து உச்சி 2,229 மீட்டர். எங்கள் புளோக்கில் மாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். தரையிலிருந்து உச்சி மாடிவரை போனால் 42 என்று வைத்தாலும் 53 முறை ஏற வேண்டும். தினமும் காலையில் ஐந்து முறை ஏறி, மின்தூக்கியில் இறங்கினார். இறங்குவதுதான் முழங்காலைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னார்களாம். எதிர்வீட்டுச் சீனப் பாட்டி, மின்தூக்கி பழுதாகிவிட்டது என்று நினைத்து நகர மன்றத்துக்குத் தொலைபேசி போட்டுவிட்டார்.

நாள் குறிப்பதில்தான் வந்தது வம்பு. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அம்மா பஞ்சாங்கம் பார்ப்பார். நான் பார்க்கும் பஞ்சாங்கம் வேறு. அக்டோபர், நவம்பரில் தமிழ் வானொலியில் வேலை செய்கிறவருக்கு விடுப்பு கேட்க வாயே வராது. தீபாவளிச் சந்தை, சிறப்பு நேர்காணல், நேரலை என்று தூக்கமே இருக்காது. டிசம்பரில் ஆண்டிறுதி நிகழ்ச்சிகள். ஜனவரி நடுவில் பொங்கல். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைதான் பருவம். ஆனால் மலைக்கு நம் பள்ளி அட்டவணை தெரியாது.

கினபாலுவில் பொதுவாக ஆண்டின் இறுதி மாதங்களும் ஜனவரியும் மழை அதிகம். சிங்கப்பூரை நனைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றின் வேலை அது. நடுவில் உள்ள மாதங்கள் மேல். ஆனால் மேலே பனாலாபான் தங்குமிடங்களில் படுக்கைகள் கணக்காகத்தான் இருக்கின்றன. படுக்கை இருந்தால்தான் அனுமதி, உடன் வழிகாட்டியும் கட்டாயம். நல்ல மாதங்கள் எல்லாம் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். எங்களுக்குக் கிடைத்தது இந்த ஆண்டு ஜனவரி கடைசி வாரம். மழை இருக்கும் என்று தெரிந்துதான் போனோம்.

பனி உண்டா என்று கேட்பீர்கள். நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே இருக்கும் மலை. ஆனாலும் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறைந்துகொண்டே போகும் என்பதால், உச்சியில் விடியற்காலை வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிடும். பாறைமீது தேங்கிய நீர் மெல்லிய கண்ணாடிபோல உறைந்திருக்கும் நாள்கள் உண்டு. அபூர்வமாக வெள்ளையாகவே படியும். அப்பாவின் நம்பிக்கை அந்த அபூர்வத்தின் மீது.

முதல் நாள் ஆறு கிலோமீட்டர் நடை. மழையங்கிக்குள் வியர்வை, வெளியே தூறல். வழிகாட்டி டூசுன் இனத்தைச் சேர்ந்தவர், அப்பாவைப் பாக்சிக் என்று கூப்பிட்டார். அப்பா தன் பழைய சந்தை மலாயைத் தூசி தட்டி எடுத்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். பேச மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வழிகாட்டி பேச்சுக் கொடுக்கிறார் என்பது எனக்குப் பாதி வழியில் புரிந்தது. 3,270 மீட்டர் உயரத்தில் தங்கினோம்.

அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து தயாரானோம். அங்கே அந்த நேரத்தில் கிளம்புவது சூரிய உதயத்துக்காக மட்டுமல்ல. காலை நேரத்தில்தான் வானம் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏறக் கீழேயிருந்து மேகம் எழுந்து, நண்பகலுக்குள் உச்சியை மூடிவிடும். அன்றோ இரவிலேயே மூடியிருந்தது. மரங்கள் முடிந்து வெறும் கருங்கல் சரிவு தொடங்கும் இடத்தில் மழைநீர் ஓடையாக இறங்கும். கயிற்றைப் பிடித்துப் போகும் வழியே நீர்வீழ்ச்சியாகிவிடும். காற்றும் சேர்ந்தால் உச்சிப் பாதையைத் திறக்க மாட்டார்கள். மூன்று மணி, மூன்றரை. நான்கு மணிக்கு வழிகாட்டி வந்து தலையை ஆட்டினார். அப்பா காலணிக் கயிற்றை அவிழ்த்தபடி "தாப்பா" என்றார். பரவாயில்லை என்று பொருள். உடன் தங்கியிருந்த சில இளைஞர்கள் கொடுத்த காசைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வழிகாட்டியின்மீது மரியாதைதான் கூடியது. முடியாது என்று சொல்வது அவருக்கும் நட்டமில்லாத காரியம் அல்ல.

கினபாலு என்றாலே நம் ஊரில் பலருக்கு நினைவு வருவது வேறு. 2015 ஜூன் 5. நல்ல பருவம், நல்ல காலை. ஏழே கால் மணிக்கு 6.0 அளவில் நிலம் நடுங்கிப் பாறைகள் உருண்டன. மாண்ட 18 பேரில் 10 பேர் சிங்கப்பூரிலிருந்து போனவர்கள். தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும், உடன் சென்ற வழிகாட்டியும். ஜூன் 8ஐ நாடு நினைவு நாளாக அனுசரித்தது. பருவம் பார்த்துப் போவது மழைக்கும் காற்றுக்கும் மட்டுமே உதவும். அம்மா இதைச் சொல்லித்தான் முதலில் தடுத்தார், எங்களிடம் பதில் இல்லை.

ஊர் திரும்பியதும் மருத்துவர் ஒரு கோடு போட்டார். ஓட்டப்பொறியில் சோதித்துவிட்டு, "4,000 மீட்டருக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், கடுங்குளிரில் வேகமாக ஏறாதீர்கள்" என்றார். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும், இதயத்துக்கு வேலை கூடும். அப்படியானால் 5,364 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் அடிவார முகாம் இல்லை. ஆனால் அதே பாதையில் லுக்லா, நாம்சே வழியாக, 3,867 மீட்டரில் உள்ள தெங்போச்சே மடம்வரை போகலாம். அங்கே நின்றால் எவரெஸ்ட் தெரியும்.

எப்போது போவது? ஜூனிலிருந்து செப்டம்பர்வரை பருவமழை, அட்டை, மேகம். லுக்லாவில் விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து இறக்க வேண்டியிருப்பதால் அடுத்தடுத்து விமானங்கள் ரத்தாகும். அக்டோபர், நவம்பரில் வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும், பாதை காய்ந்து புழுதி பறக்கும். டிசம்பர், ஜனவரியிலும் வானம் தெளிவுதான். ஆனால் குளிர் எலும்பைத் துளைக்கும், மேலே பல விடுதிகள் கதவைச் சாத்திவிடும். மார்ச்சில் பகல் நீளும். அடுத்து ரோடோடென்ட்ரான் பூக்கத் தொடங்கும், பிற்பகல் மேகமும் கூடும்.

நல்ல பருவத்திலும் வங்காள விரிகுடா குறுக்கே வரும். 2014 அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயலின் ஈரம் வடக்கே போய், இரண்டு நாளில் நேப்பாளத்தின் அன்னபூர்ணா வட்டாரத்தில் பனிப்புயலாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாய்ப் பகுதியில் சிக்கியவர்கள் உட்பட 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது அது நடையர்களின் உச்சப் பருவம். புயல் சின்னத்தை நாம் சென்னைச் சொந்தங்களுக்காகத்தான் கவனிப்போம். இமயத்தில் நடக்கிறவரும் கவனிக்க வேண்டும் என்று அதன் பிறகுதான் அறிந்தேன்.

ஒரு வார்த்தைச் சிக்கலும் உண்டு. தமிழில் எல்லாமே பனி. மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனி, இமயத்தில் விழுவதும் பனி. நம் முன்னோர் ஆறு பெரும்பொழுதில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தாலும், அவர்கள் பார்த்தது முதல் வகையைத்தான். மலையில் நடக்கப் போகிறவருக்கு இது போதாது. இரவு விழுந்த புதுப்பனி கால் புதையும், ஆனால் வழுக்காது. அதையே பலர் மிதித்து, பகல் வெயிலில் உருகி, இரவில் மறுபடி உறைந்தால் கண்ணாடி. காலை ஏழு மணிக்கு வழுக்கும் சரிவு பிற்பகல் இரண்டு மணிக்குக் கூழாகிவிடும். வெயில் படாத வடக்குப் பார்த்த சரிவுகளில் அந்தக் கண்ணாடி பல வாரங்கள் கிடக்கும். காலணிக்கு அடியில் மாட்டும் சிறு ஆணிச் சங்கிலி அதற்காகத்தான். "என்ன பனி?" என்று கேட்டுக்கொள்ளாமல் "பனி இருக்குமா?" என்று மட்டும் கேட்டு ஒரு பயனும் இல்லை.

இதில்தான் அப்பாவும் நானும் மோதினோம். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8. அது முடிந்த கையோடு கிளம்பினால் எனக்கு விடுப்பு, வானம் தெளிவு, பாதை உலர்ந்தது, குளிரும் தாங்கக்கூடியது. எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. ஒன்றே ஒன்று இல்லை. அந்த உயரத்தில் அந்த மாதத்தில் பெரும்பாலும் பனி இருக்காது. தூரத்துச் சிகரங்களில் பார்க்கலாம், காலில் மிதிக்க முடியாது. நடப்பதற்கு ஆக நல்ல நாள் எதுவோ, அதுவே பனி ஆகக் குறைவான நாள்.

"அப்ப நான் எதுக்கும்மா வரணும்?" என்றார். மார்ச் முதல் வாரம் போகலாம் என்பது அவர் கட்சி. குளிர்காலத்தில் விழுந்தது நிழல் சரிவுகளில் மிச்சம் இருக்கும், விடுதிகள் திறந்திருக்கும், இரவுக் குளிர் ஜனவரி அளவுக்கு இருக்காது. எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தார். என் பயம் வேறு. நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நான்கு மாதங்கள். எனக்கு நான்கு மாதங்கள் என்பது நான்கு மாதங்கள். ஸ்டென்ட் வைத்த 64 வயதுக்காரருக்கு அது அடுத்த ரத்தப் பரிசோதனை, அடுத்த இசிஜி, மருத்துவர் அந்தக் கோட்டை 3,000க்கு இறக்கும் சாத்தியம். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் தயங்கினேன். சொன்னேன். கேட்டுவிட்டு, "தெரியும்" என்றார்.

சாப்பிட்டு முடித்து மறுபடி பேசினார். நவம்பரில் போய்ப் பனியில்லாமல் திரும்பினால், மார்ச்சில் இன்னொரு தடவை போக அவரிடம் காசும் இல்லை, என்னிடம் விடுப்பும் இல்லை. மார்ச்சுக்குக் காத்திருந்து மருத்துவர் தடுத்தால், அதை அவர் ஏற்றுக்கொள்வார். கினபாலுவில் காலணியை அவிழ்த்த மாதிரி. ஆனால் ஏறக்கூடிய உடம்போடு, பனி இருக்காது என்று தெரிந்தே ஒரு மாதத்தில் போய் நிற்பதை அவரால் ஏற்க முடியாது.

மார்ச் என்று முடிவாயிற்று. மூன்று நிபந்தனைகள் போட்டிருக்கிறேன். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன் மருத்துவரின் அனுமதி. நாம்சேயில் இரண்டு இரவு தங்கி உடம்பைப் பழக்குவது, ஒன்று போதும் என்று அடம் பிடிக்கக்கூடாது. ஆணிச் சங்கிலி இல்லாமல் நிழல் சரிவில் கால் வைக்கக்கூடாது. பயணக் காப்புறுதியையும் படித்துப் பார்த்தேன். பல திட்டங்கள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஹெலிகாப்டர் மீட்புச் செலவை ஏற்பதில்லை, அந்த எண் சிறிய எழுத்தில் இருக்கும். போகிறவர்கள் முதலில் அதைத்தான் தேட வேண்டும்.

கோல்டன் மைல் உணவங்காடிக்கு மேலே இருக்கும் ஆர்மி மார்க்கெட்டில் அப்பா கையுறை வாங்கிவிட்டார், முஸ்தஃபாவில் உள்ளே போடும் வெப்ப உடையும். கூடவே அம்மாவுக்கும் ஒரு ஜோடி. அம்மா எங்கே வருகிறேன் என்று சொன்னார் என்று கேட்டேன். "நாம்சே வரைக்கும் வர்றாளாம். சந்தை இருக்காம் அங்க" என்றார். இப்போது காலையில் படி ஏறுகிறவர்கள் இரண்டு பேர். எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணுகிறார்.