அடித்தளம் காக்கும் வெப்பம்

மினசோட்டாவில் நாம் பங்குப் பணியாற்றிய முதல் குளிர்காலத்தில், நம் இல்லத்தின் முகப்புப் படி ஒரு விரற்கடை மேலெழும்பிக் கதவைத் திறக்கவொட்டாமல் தடுத்தது. நீர் உறைகையில் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவதே காரணம் என எண்ணினோம். அது முழு விடையன்று. நுண்வண்டல் மண் கீழுள்ள ஈரத்தை உறையும் பகுதிக்கு இழுக்க, அங்கே பனிக்கட்டி அடுக்கடுக்காய்த் திரண்டு மண்ணையும் கட்டடத்தையும் உயர்த்துகிறது. உறைகையில் சுருங்கும் பென்சீனில் ஊறிய மண்ணும் எழும்புவதை அமெரிக்கப் புவியியலறிஞர் ஸ்டீபன் டேபர் 1930-இல் எடுத்துக்காட்டினார்.

ஆகவே அம்மாநிலத்தின் தெற்கே 42 அங்குலமும் வடக்கே 60 அங்குலமும் அடித்தளத்தை ஆழப்படுத்த வேண்டுமென்பது விதி. ஆழம் குறைந்தவிடத்து, ஈரம் வடியச் சரளைக்கல் பரப்பி, ஓரங்களில் பாலிஸ்டைரீன் பலகைகளைப் புதைத்து, வீட்டின் வெப்பத்தை மண்ணிலேயே தேக்குவர். வீட்டினுள் வெப்பம் அணைந்தால் இக்காவல் பயனற்றுப்போம்.

நம் பங்கைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் வீடு அத்தகையது. அவர் மருத்துவமனையில் கிடந்த குளிர்மாதங்களில், அயலார் முறைவைத்துச் சென்று வெப்பமூட்டி அணையாது காத்தனர். வீட்டை அடித்தளம் தாங்குகிறது. அடித்தளத்தையோ வீட்டின் வெப்பம் தாங்குகிறது. இளவேனிலில் அவர் திரும்பியபோது, கதவு தடையின்றித் திறந்தது.